எண்ணப்படாத வாந்தி பேதி: புதுக்கோட்டைக்கு ஒரு கணக்கு வேண்டும்

உணவால் வயிறு கெட்டு ஓராண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? மாவட்டத்தின் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் இதற்குச் சரியான விடை எடுக்க முடியாது. பதிவேடுகள் இருக்கின்றன. நோய்தான் அவை வரைக்கும் வந்து சேர்வதில்லை.

வயிற்றால் போனால் முதலில் கைவைத்தியம்: ஓமத் தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர். அதற்கும் நிற்காவிட்டால் மெடிக்கல் கடையில் போய், “வயித்தால போகுது, மாத்திரை குடுங்க.” அதற்கும் கேட்காவிட்டால்தான் டாக்டர். ஊசி போட்டு, தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். மலத்தைச் சோதனைக்குக் கொடுங்கள் என்று கேட்கும் டாக்டர் குறைவு. கேட்டால் கொடுக்கக் கூசுபவர்கள் அதிகம். கொடுத்தாலும் எல்லா ஆய்வகமும் எல்லாக் கிருமியையும் தேடுவதில்லை. வைரஸைத் தேடும் வசதி பெரிய நிலையங்களில்தான் உண்டு. இத்தனை படிகளையும் தாண்டி ஒரு நோயாளி ஆய்வகத்தின் பதிவில் ஏறினால், அவருக்குப் பின்னால் ஏறாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி.

நாட்டளவில் இதற்கான ஏற்பாடு, 2004 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம். கிராம சுகாதார செவிலியர் அறிகுறியைப் பார்த்து நிரப்பும் படிவம், மருத்துவர் சந்தேகத்தின் பேரில் நிரப்பும் படிவம், ஆய்வகம் உறுதிசெய்து நிரப்பும் படிவம் என மூன்று அடுக்கு. 2021 ஏப்ரலில் இது புதிய இணையத் தளத்துக்கு மாறியபின், வாரக் கணக்காக வந்துகொண்டிருந்தது நாள் கணக்காக வரத் தொடங்கியது. கூட்டமாக நோய் வெடிக்கும்போது இந்த ஏற்பாடு நல்ல வேலை செய்கிறது. நாடு முழுவதும் இதில் பதிவாகும் நோய்வெடிப்புகளில் வயிற்றுப்போக்கும் உணவு நச்சும் முன்வரிசையில் இருக்கின்றன. ஆனால் இது எச்சரிக்கை மணி அடிப்பதற்கான ஏற்பாடு. தனித்தனியாக, வீட்டுக்கு ஒருவராக வரும் வயிற்றுப்போக்கு அந்த மணியை அடிப்பதில்லை. மொத்தச் சுமையில் பெரும்பங்கு அப்படி வருவதுதான்.

ஏறாதவர்களை எண்ணிப் பார்த்த நாடுகள் உண்டு. 1990-களில் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஊர்களிலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுத்து, வாராவாரம் உடல்நிலையை விசாரித்து, நோய் வந்தவர்களின் மலத்தைச் சோதித்தார்கள். தேசியப் பதிவில் ஏறும் ஒரு நோயாளிக்கு ஊருக்குள் 136 பேர் அதே வயிற்றுக்கோளாறோடு இருந்தார்கள். அவர்களில் டாக்டரிடம் போனவர்கள் 23 பேர்தான். 2008-09-ல் இதைத் திரும்பச் செய்தபோது 136 என்பது 147 ஆனது. இவற்றைவிட முக்கியமானது அந்த முதல் ஆய்விலேயே கிடைத்த இன்னொரு செய்தி: சால்மோனெல்லா கிருமிக்குப் பதிவான ஒருவருக்கு ஊரில் சுமார் 3 பேர், இன்று நோரோ என்று அழைக்கப்படும் வைரஸ் வகைக்கு ஒருவருக்கு 1,562 பேர். சால்மோனெல்லாவில் காய்ச்சல் அடித்து ஆளைப் படுக்கவைக்கும், அதனால் டாக்டரிடம் போகிறவர்கள் அதிகம். நோரோ இரண்டு நாளில் விட்டுவிடும், யாரும் சோதிப்பதில்லை. ஆகவே மருத்துவமனைக் கணக்கை நூறால் பெருக்கினால் போதும் என்ற குறுக்குவழி உதவாது. கிருமிக்குக் கிருமி பெருக்கும் எண் மாறும். டாக்டரிடம் போகும் பழக்கம் மாறுவதால் நாட்டுக்கு நாடும் மாறும். இங்கிலாந்தின் 136 நம் மாவட்டத்து அன்னவாசலுக்கு ஆகாது.

முறை மாறினால் எண் எப்படிச் சரியும் என்பதற்கு அமெரிக்கா சான்று. உணவால் ஆண்டுக்கு 7 கோடியே 60 லட்சம் பேர் நோயுறுகிறார்கள் என்று 1999-ல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2011-ல் அதே மையம் சொன்னது 4 கோடியே 80 லட்சம். இடைப்பட்ட 12 ஆண்டில் நோய் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, இரண்டு எண்ணையும் ஒப்பிடக் கூடாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். தரவும் வழிமுறையும் மாறியிருந்தன. அந்த 4 கோடியே 80 லட்சத்திலும் இன்ன கிருமி என்று பெயர் சொல்ல முடிந்தது 94 லட்சத்துக்குத்தான். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே ஐந்தில் நான்கு பங்கு பெயரில்லாத நோய்.

உலக அளவில் நம் கைவசம் இருக்கும் பெரிய மதிப்பீடு, உலக சுகாதார நிறுவனம் 2015 டிசம்பரில் வெளியிட்டது. 2010-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 31 காரணிகளை எடுத்துக்கொண்டார்கள். உலகில் பத்தில் ஒருவர், அதாவது 60 கோடிப் பேர், ஆண்டுதோறும் கெட்ட உணவால் நோயுறுகிறார்கள்; 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள்; அவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நாம் சேர்ந்திருக்கும் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் 15 கோடி நோயாளிகள், 1 லட்சத்து 75 ஆயிரம் சாவுகள்.

இந்தப் பிராந்திய எண்ணை அப்படியே புதுக்கோட்டைக்கு இறக்கிப் பார்க்கலாம். அன்றைக்குப் பிராந்தியத்தின் மக்கள்தொகை சுமார் 180 கோடி. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்து 18 ஆயிரம். விகிதப்படி வகுத்தால் ஆண்டுக்கு சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு நோய், 150-க்கும் மேற்பட்ட சாவுகள். பேச்சுக்கு எடுத்துச் சொல்ல வசதியான எண்கள்தான். ஆனாலும் எந்த அதிகாரியும் இதை வைத்துத் திட்டம் தீட்டக் கூடாது. இது மாவட்டத்தை அளந்து வந்த எண் இல்லை, பிராந்தியத்தின் சராசரியை மாவட்டத்தின் மேல் ஏற்றி வைத்த எண்.

சராசரி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே அளந்த சான்று இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று 2017 முதல் 2020 வரை நடத்திய குடற்காய்ச்சல் ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரப் பகுதிகளிலும் புனே அருகே கிராமப்புறத்திலும் 24 ஆயிரம் குழந்தைகளை வாராவாரம் தொடர்ந்தார்கள். குழந்தை ஒன்றை ஓராண்டு தொடர்ந்தால் ஒரு குழந்தை-ஆண்டு. அப்படி ஒரு லட்சம் குழந்தை-ஆண்டுக்கு டைபாய்டு நகரப் பகுதிகளில் 576 முதல் 1,173 வரை வந்தது. புனே கிராமத்தில் 35. ஒரே நாடு, ஒரே ஆய்வு, ஒரே சோதனை முறை. வித்தியாசம் முப்பது மடங்கைத் தாண்டுகிறது. மாப்பிள்ளையார்குளம் தெருக்களுக்கும் ஆவுடையார்கோயில் வயல்வெளிக் கிராமத்துக்கும் இடையே என்ன வித்தியாசம் என்பதை அங்கே போய் அளந்தால்தான் தெரியும்.

அடுத்த சிக்கல், உணவு எது, தண்ணீர் எது என்று பிரிப்பது. அதே கிருமி சோற்றிலும் வரும், குடத்திலும் வரும், கழுவாத கையிலும் வரும். உலக மதிப்பீட்டில் இந்தப் பங்கீட்டை நிபுணர்களைக் கேட்டு, அவர்கள் தந்த விடைகளை முறைப்படி எடைபோட்டுத்தான் செய்தார்கள். நேரடி அளவீடு கிடைக்காத இடத்தில் வேறு வழி இல்லை. ஆனால் மண்பானைத் தண்ணீர், லாரித் தண்ணீர், ஊருணித் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று ஊருக்கு ஊர் மாறும் மாவட்டத்தில், அரைத்து வைத்த சட்னியில் சேர்ந்தது எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் உணவின் பங்கைச் சொல்ல முடியாது.

வேங்கைவயலை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2022 டிசம்பரில் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த அந்த ஊரில் பட்டியலின மக்களின் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். சிகிச்சை தந்த மருத்துவர்கள் குடிதண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். டிசம்பர் 26-ல் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோதுதான் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தக் கொடுமையும் அதன் வழக்கும் நாடறிந்தவை. நோய்க்கணக்கு பற்றிப் பேசும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: மாத்திரை கொடுத்து அனுப்பியதோடு நிற்காமல், எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால் அது பத்தோடு பதினொன்றாக ஒரு வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். கேட்கப்படாமலே போகும் ஊர்கள் எத்தனை என்ற கவலை எனக்கு உண்டு.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நோயாளி தரும் விடையும் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். கடைசியாகத் தின்றதன் மேல்தான் எல்லோரும் பழி போடுகிறோம். கிருமிகள் அப்படி வரிசையில் நிற்பதில்லை. ஸ்டாபிலோகாக்கஸ் நச்சு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாக வந்துவிடும். மதியம் தின்றது மாலையில். பழைய சோற்றிலும் பிரியாணியிலும் ஆறிக் கிடந்து பெருகும் பேசில்லஸ் சீரியஸுக்கும் வாந்தி வகையில் அதே கெடு. கறிக்குழம்பில் வளரும் கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் 6 முதல் 24 மணி நேரம் கழித்து வயிற்றைக் கலக்கும். நோரோ வைரஸ் ஒன்றிரண்டு நாள். கோழியோடு வரும் காம்பைலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள். டைபாய்டுக்கு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் ஆகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குச் சராசரி நான்கு வாரம். செவ்வாய்க்கிழமை வீட்டில் தின்ற இட்லியைக் குறை சொல்பவருக்கு நோய் வந்தது சனிக்கிழமை வெளியூரில் தின்ற கோழியிலிருந்து இருக்கலாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் இன்னொரு கணக்கும் சேரும்: சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் ஊறும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தின்ற ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். அலர்ஜி என்று ஊசி போட்டு அனுப்புவார்கள், உணவு நோய் என்ற தலைப்பில் ஏறாது.

செய்தித்தாளில் வருவது உச்சியிலிருக்கும் சில சம்பவங்கள். 2021 செப்டம்பரில் ஆரணியில் பிரியாணி சாப்பிட்ட பத்து வயதுச் சிறுமி இறந்தாள். அதே ஆண்டு டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். ஒவ்வொரு முறையும் சில வாரம் சோதனை, சீல் வைத்தல், அபராதம். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. நல்ல முடிவுதான். ஆனால் தடையால் நோய் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, தடைக்கு முந்தைய எண் வேண்டும். எண்ணாத நோயில் எந்த நடவடிக்கைக்கும் பலனைக் காட்ட முடியாது. எண்ணிய நோயில் காட்ட முடிந்திருக்கிறது. வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்கு ரோட்டா வைரஸ் என்று 2005-லிருந்து நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து எண்ணிக் காட்டியதும் ரோட்டா தடுப்பு மருந்துக்குப் பலமாக நின்றது. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு 2017 முதல் அது கிடைக்கிறது.

புதுக்கோட்டைக்கென்று ஒரு வசதி இருக்கிறது. வேறு மாவட்டங்களில் இவ்வளவு எளிதில் கிடைக்காது. ஆடி, ஆவணியில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்துகள் களைகட்டும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. விடிவதற்கு முன்பே கறி வேகும். மதியத்துக்கு மேலும் பந்தி போகும். பெரிய அண்டாவில் இருக்கும் குழம்பு மெதுவாகத்தான் ஆறும். பெர்பிரிஞ்சன்ஸின் விதைத்துகள்கள் கொதியைத் தாங்கும். சூடு ஐம்பது டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்து விறுவிறுவென்று பெருகும். மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறினால் ஆபத்தில்லை, வெதுவெதுப்பாகப் பரிமாறினால் உண்டு. இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை; நடந்தால் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம் என்று சொல்ல வருகிறேன். ஏனென்றால் பந்தலின் ஓரத்தில் மொய் நோட்டு இருக்கிறது. வந்தவர் பெயர், ஊர், தொகை. இப்போது கம்ப்யூட்டரில் அடித்து ரசீதே தருகிறார்கள். உணவு நச்சு விசாரணையில் ஆய்வாளர் முதலில் தேடுவது, நோயுற்றவர்களின் பட்டியலோடு சாப்பிட்டவர்கள் எல்லோருடைய பட்டியல். ஓட்டலில் அது கிடைக்காது, அன்னதானத்தில் கிடைக்காது. இங்கே எழுதிய நிலையிலேயே கையில் கிடைக்கிறது. பெயருக்கு ஒரு குடும்பம் என்பதால் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கணக்கு எளிது. கறிக்குழம்பு சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், சைவப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் வயிற்றால் போயிற்று என்று வைத்துக்கொண்டால், கறியின் மேல் சந்தேகம் பத்து மடங்கு. ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே எதை விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பணம் எவ்வளவு என்ற பகுதி அவரவர் அந்தரங்கம். அதை மறைத்து, பெயரையும் ஊரையும் மட்டும் சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்தால் போதும்.

எண்ணிக்கையோடு சுமை தீர்ந்துவிடாது. இருநூறு பேருக்கு ஒருநாள் வயிற்றுக்கடுப்பும் ஒரு குழந்தையின் சாவும் ஒரே தட்டில் ஏறாது. 1993-ல் உலக வங்கியின் அறிக்கை வழியாகப் புழக்கத்துக்கு வந்த அளவீடு, நோயால் இழந்த நல்லாயுள் ஆண்டுகளைக் கூட்டுகிறது. மிதமான வயிற்றுப்போக்குக்கு அதில் தரும் எடை 0.188. மூன்று நாள் நோய் என்றால் 0.0015 ஆண்டுதான். இரண்டு வயதுக் குழந்தை இறந்தால் இழப்பு ஏறக்குறைய 90 ஆண்டு. அதாவது ஒரு குழந்தையின் சாவு, மூன்று நாள் வயிற்றுப்போக்குகள் 58 ஆயிரத்துக்குச் சமம். சாவைத் தடுப்பதில் முழு மூச்சாக இறங்க வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நூறு நாள் வேலைக்கு மூன்று நாள் போகாத பெண்ணுக்கு, 2024-25-ன் கூலி விகிதப்படி 957 ரூபாய் போனது. மருந்து, ஆட்டோ தனி. இந்த இழப்பு நல்லாயுள் கணக்கில் எங்குமே வராது. மாவட்டக் கணக்கில் கூலி இழப்புக்குத் தனியாக ஒரு பத்தி இருந்தே ஆக வேண்டும்.

செய்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மாவட்டத்தில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அதன் சமூக மருத்துவத் துறைக்கு இது சொந்த வேலை. ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வயிற்றுக்கோளாறு வரும் என்று வைத்துக்கொண்டு, ஒன்றரை சதவீதம் முன்பின்னாக விடை வேண்டும் என்றால், கொத்துக் கொத்தாக ஊர்களைத் தெரிந்தெடுப்பதற்கான சரிக்கட்டலையும் சேர்த்து சுமார் 1,620 பேரைக் கேட்டால் போதும்: 30 ஊர், ஊருக்கு 54 பேர். பதிமூன்று ஒன்றியங்களும் நகரப் பகுதிகளும் கரையோரமும் விடுபடாமல் வர வேண்டும். மாங்காய்க் காலம், மழைக்காலம், விருந்துக் காலம் எல்லாம் சேர வேண்டும் என்பதால் ஒரே வாரத்தில் கேட்டு முடிக்காமல் ஆண்டு முழுக்கப் பரப்பிக் கேட்க வேண்டும். கேள்வியும் தெளிவாக இருக்க வேண்டும்: கடந்த நான்கு வாரத்தில், ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனதா? நான்கு வாரத்துக்கு மேல் கேட்டால் மறந்துபோகும். நான்கு வாரம் என்று கேட்டாலும் ஆறு வாரத்துக்கு முந்தையதைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் உண்டு. அதைக் கழிக்க கோயில் திருவிழா, சம்பள நாள் போன்ற அடையாளங்களைச் சொல்லிக் கேட்பது நல்லது. டாக்டரிடம் போனீர்களா, எந்த ஊருக்கு, மலம் கொடுத்தீர்களா என்று மேலும் மூன்று கேள்வி. இவைதான் நமக்கென்று பெருக்கும் எண்ணைத் தரும்.

எந்த ஊருக்கு என்ற கேள்வி இங்கே அவசியம். கந்தர்வக்கோட்டைக்காரர் தஞ்சாவூருக்குப் போவார், விராலிமலைக்காரர் திருச்சிக்கு, திருமயத்துக்காரர் காரைக்குடிக்கு. அவர்கள் நோய் அடுத்த மாவட்டத்தின் கணக்கில் விழுகிறது. மாவட்டத்துக்குள்ளும் சுகாதார நிர்வாகம் புதுக்கோட்டை, அறந்தாங்கி என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கூட்டிப் பார்க்காவிட்டால் இரண்டும் அரைகுறை. கணக்கெடுப்போடு, இரு பகுதிகளிலிருந்தும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தெரிந்தெடுத்து, வரும் வயிற்றுப்போக்குகளில் ஐந்தில் ஒருவரின் மலத்தையாவது கிருமி வாரியாகச் சோதிக்க வேண்டும். முடிவை ஒற்றை எண்ணாக வெளியிடக் கூடாது. இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று வரம்போடு, எதை ஊகித்தோம் எதை அளந்தோம் என்று பிரித்துச் சொன்னால்தான் அடுத்தமுறை எண்ணுபவருக்கும் உதவும்.

சட்டத்திலும் இடமிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, தம் பார்வைக்கு வரும் உணவு நச்சு நிகழ்வுகளைத் தெரிவிக்கும்படி மருத்துவர்களுக்கு அறிவிக்கை மூலம் உத்தரவிட வழி செய்கிறது. தனியார் கிளினிக்குகளும் சேராமல் இந்த மாவட்டத்தின் கணக்கு ஒருநாளும் முழுமையாகாது. ஆகவே அந்தப் பிரிவைக் கிளினிக் வாசல் வரை கொண்டுபோக வேண்டும். மாவட்ட நிர்வாகமும் மருத்துவக் கல்லூரியும் வரும் ஆடிக்கு முன்பாக இதைத் தொடங்கலாம்.

படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வயிறு கெட்டு டாக்டரிடம் போனால் கடைசி வேளையை மட்டும் சொல்லாமல், மூன்று நாளாக எங்கே என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள், கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மலத்தைக் கேட்டால் கூசாமல் கொடுங்கள். விருந்து நடத்துபவர்கள் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து இரண்டு நாள் பிரிட்ஜில் வைத்திருங்கள்.